வரிசையில் ரெண்டாவது பேர்

மாஸ்க்கைப் பாத்துட்டுத் தள்ளி உக்காராதீய அண்ணாச்சி. எனக்குத் தொத்து வியாதி ஒண்ணும் கிடையாது. உங்ககிட்ட இருந்து எனக்கு எதுவும் தொத்திரக் கூடாதுன்னுதான் இது. கிட்னி மாத்துன ஆளு நான். ஏழு மாசம் ஆச்சு. மாசா மாசம் மதுரைக்கு வந்து காட்டணும், ரத்தம் குடுக்கணும். இன்னைக்கும் அதுக்குத்தான் வந்துட்டுத் திரும்புதேன். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாவ. கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு. டாக்டரே எந்திரிச்சுக் கை குடுத்தாரு.

நல்லாத்தான் இருக்கேன். அதான் அண்ணாச்சி என் பிரச்சினையே.

நீங்களும் சங்கரன்கோயிலுக்குத்தான டிக்கெட் எடுத்தீய? எந்தத் தெரு? ஓ, ரயில்வே ஸ்டேசன் பக்கமா. அப்பச் சரி, எங்க பக்கம் இல்ல. சொல்லலாம். இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்புக்கடை. பேரு கோமதிநாயகம். நீங்க அங்க செருப்பு வாங்கிருக்கக்கூடச் செய்யலாம். அறுந்து போச்சுன்னா மன்னிச்சிருங்க.

ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு ஆளு சொன்னது பொய் இல்ல, ஆனா முழுசாவும் சொல்லலன்னா, அது பொய்யா இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல. ராஜபாளையம் வாரதுக்கே இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த மாதிரிக் கேள்வி கேக்குற பழக்கம் எனக்கு ஆவுடைகிட்ட இருந்து ஒட்டுனது. ஆவுடையப்பன். தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான். கல்யாணம் ஆகல. அம்மாவும் தவறிட்டா. தனி ஆளு. எனக்கும் அவனுக்கும் டயாலிசிஸ்லதான் பழக்கம். நாலு வருசம் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வாரத்துக்கு மூணு நாளு, நாளுக்கு நாலு மணி நேரம். கையில ஊசியக் குத்திட்டு மிசினுக்கு ரத்தத்த வுட்டுட்டுப் படுத்துக் கிடக்கணும். அசையப்பிடாது. வேற என்ன செய்ய? பேசணும். எம் பொண்டாட்டி செண்பகவல்லிகூட நான் அவ்வளவு பேசுனது கிடையாது.

அவன் எதையாவது கிளப்பிக்கிட்டே இருப்பான். ஒரு நாளு சொல்லுதான், "எலே கோமதி, பன்னியோட கிட்னிய மனுசனுக்கு வச்சிட்டாம்ல அமெரிக்காக்காரன். இன்னும் அஞ்சு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தோம்னா நமக்கும் வந்துரும்"ங்கான். இன்னொரு நாளு, இடுப்புல பெல்ட்டு மாதிரிக் கட்டிக்கிட்டே நடக்குற மிசின் கண்டுபிடிக்கப் போறாவன்னு பேப்பர்ல வந்ததக் கத்தரிச்சுக் கொண்டுவந்து காட்டுதான். மருத்துவம் எங்கயோ போயிருச்சுல, நாமதான் சாவாம இருக்கணும், அவ்வளவுதான் நம்ம வேலைன்னு சொல்லுவான். கேக்கத் தெம்பா இருக்கும்.

அப்புறம் கணக்குப் போடுத மாதிரிக் கேள்வி. "ஒரே ஒரு கிட்னி வருது. ஒருத்தனுக்குப் பதினெட்டு வயசு. இன்னொருத்தன் நாலு பிள்ளைக்குத் தகப்பன். நீதான் டாக்டரு. யாருக்குக் குடுப்ப?" நான் தகப்பனுக்குன்னேன். எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்குல்லா. அவன் சிரிச்சான். "போலே. எவன் முதல்ல பேர் குடுத்தானோ அவனுக்குத்தான். இல்லன்னா ஒவ்வொருத்தன் வீட்டுக்குள்ளயும் போய் எட்டிப் பாத்து, நீ எதுக்கு உசுரோட இருக்கணும்னு கேக்கணும். அது அசிங்கம்ல"ன்னான். அன்னைக்கி எனக்கு அது பெருசாத் தெரியல.

இதெல்லாத்தையும் வுட அவனுக்குப் பைத்தியம் ஒரு படம். பேரு வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸ் குடோன்ல தீப்பிடிச்சு, உள்ள கதாநாயகன் இருக்கயில வெளிய இருந்து எவனோ தாப்பாளப் போட்டுருவான். போடுத கை மட்டும் தெரியும். அதோட முதல் பாகம் முடிஞ்சிரும். ஊரெல்லாம் அது கதாநாயகனோட கூட்டாளி துரையோட கைதான்னு சொல்லுச்சு. ஆவுடை ஒத்துக்கிடல. பதினோரு தடவை பாத்திருக்கான். நிறுத்தி நிறுத்திப் பாத்து, "இந்தக் கையில நகம் வெட்டிருக்கு. துரை நகம் கடிக்கிற ஆளு. அஞ்சாவது சீன்ல கடிக்கான் பாரு"ன்னு போன எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுவான். யூடியூப்புல அதுக்கு எட்டு நிமிசத்துக்கு ஒரு வீடியோவே போட்டான். இருநூத்திச் சொச்சம் பேரு பாத்தாவ. அதுல நாப்பது நானு.

நான் சொல்லுவேன், "துரைதாம்ல. அவனுக்குப் பயம். தன் தலை தப்புனாப் போதும்னு போட்டிருப்பான்." அவனுக்குக் கோவம் வந்துரும். "சும்மா பயத்துக்காகக் கூட்டாளிய உள்ள வச்சு ஒருத்தன் பூட்ட மாட்டாம்ல. வேற ஏதாவது காரணம் இருக்கும். தேடணும்"ங்கான்.

இந்தப் பொங்கலுக்கு ரெண்டாம் பாகம் வந்துச்சு. போகி அன்னைக்கி எங்களுக்கு டயாலிசிஸ். பொங்கலன்னைக்கி சென்டரு லீவு. இவனுக்கு மூணாம் நாளுதான் டிக்கெட் கிடைச்சிருக்கு. அதுக்குள்ள எவனாவது கதையச் சொல்லிருவானே, வாட்ஸ்அப்புல போட்டுருவானேன்னு பயம். அதனால போனயே அணைச்சு வைக்கப் போறேன்னான். "எலே, மதுரையில இருந்து கூப்பிட்டா?"ன்னு நான்தான் கேட்டேன். கேட்டேன் அண்ணாச்சி, அத நீங்க மறந்துரக் கூடாது. அதுக்கு அவன், "ரெண்டாவது நம்பரா உன் நம்பரத்தான குடுத்திருக்கேன். கூப்பிட்டா ஓடி வந்து சொல்லு. மூணு தெரு தள்ளி இருக்கேன், உனக்குச் சைக்கிள்ல நாலு நிமிசம்"ன்னான்.

இந்த மதுரை விவகாரம் உங்களுக்குத் தெரியாதுல்லா. மூளைச்சாவுன்னு சொல்லுவாவ. அந்த மாதிரி ஒருத்தரு போயிட்டா, அவங்க வீட்டுல மனசு வச்சு உறுப்பக் குடுப்பாவ. அதுக்கு ஆஸ்பத்திரியில நாம பேர் குடுத்து வச்சிருக்கணும். ரத்த வகை வாரியா ஒரு வரிசை. ஒருத்தர்கிட்ட இருந்து வாரதுல ஒண்ணுதான் நம்ம வரிசைக்கு, இன்னொண்ணு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரும். நானும் ஓ பாசிட்டிவ், அவனும் ஓ பாசிட்டிவ். எனக்கு மூணு மாசம் முன்னாடி அவன் பேர் குடுத்துட்டான். அவன் ஒண்ணு, நான் ரெண்டு. கூப்பிட்டா உடனே போய் நிக்கணும். சளி, காய்ச்சல் எதுவும் இருக்கப்பிடாது. இருந்தா அடுத்த ஆளு.

பொங்கலன்னைக்கி காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல பால் பொங்குது. பிள்ளைக கத்துதுவ. என் போன் அடிக்கி. மதுரை ஆஸ்பத்திரியில இந்த வரிசையப் பாக்குற கோஆர்டினேட்டர் ஜெசிந்தா மேடம். சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு பொறவாசலுக்குப் போனேன். மேடம் கடகடன்னு கேட்டாவ, "ஆவுடையப்பன் போன் ஏன் ஆஃப்ல இருக்கு? அஞ்சு நிமிசத்துல அவர லைன்ல கொண்டு வர முடியுமா? அவருக்குக் காய்ச்சல், சளி ஏதும் இருக்கா?"

மூணு கேள்வி. முதல் ரெண்டுக்கும் நான் பதில் சொல்லல. மூணாவதுக்குச் சொன்னேன். "நேத்து டயாலிசிஸ்ல குளிர் நடுக்கம் வந்துச்சு மேடம். ரெண்டு போர்வை போட்டாவ."

பொய் இல்ல அண்ணாச்சி! சத்தியமா வந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல நான்தான கிடந்தேன். பல்லு கடகடன்னு அடிச்சிச்சு. வேணும்னா சென்டருல போய்க் கேளுங்க.

மேடம் கேட்டாவ, "அப்போ காய்ச்சல் இருக்குன்னு எடுத்துக்கலாமா?" நான் "ம்"ன்னேன். அவ்வளவுதான். ஒரே ஒரு "ம்". சென்டரு லீவுங்கிறதால அவங்களுக்கு வேற யாருகிட்டயும் கேக்க வழி இல்ல. பொறவு, "அடுத்தது நீங்கதான் கோமதிநாயகம். உங்களுக்கு ஏதும் இருக்கா?" "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்." அது மட்டும் பட்டுன்னு வந்துருச்சு. "எதுவும் சாப்பிடாம உடனே கிளம்பி வாங்க"ன்னாவ.

கார் பிடிச்சுப் போனோம். ஆவுடை வீட்டுத் தெருமுனை வழியாத்தான் கார் போச்சு. செண்பகவல்லி சொன்னா, "ஒரு நிமிசம் நிறுத்தி ஆவுடை அண்ணன்கிட்டச் சொல்லிட்டுப் போவோமா, சந்தோசப்படுவாரு"ன்னு. நேரம் இல்லட்டின்னு நான் வள்ளுன்னு விழுந்தேன். அவளுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. பாவம், அவ எனக்காக மண்சோறு சாப்பிடுதேன்னு வேண்டியிருந்தா.

ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சு. நாலாம் நாளு ஒண்ணுக்கு வந்துச்சு பாருங்க, வாளி வாளியா. நாலு வருசமா சொட்டுச் சொட்டாப் பாத்தவன் நான். அழுதுட்டேன். அன்னைக்கித்தான் ஜெசிந்தா மேடம் வார்டுக்கு வந்தாவ. "உங்க ஃப்ரெண்டு பேர நிறுத்தி வச்சிருக்கேன். காய்ச்சல் சரியாயிடுச்சுன்னு டயாலிசிஸ் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்பச் சொல்லுங்க. வந்தாத்தான் வரிசையில திரும்ப எடுப்போம். மறந்துடாதீங்க"ன்னாவ.

"சரி மேடம்"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, நான் எப்படி அதப் போய்ச் சொல்ல? லெட்டர் வாங்குன்னா, எதுக்குல லெட்டர்னு கேப்பான். காய்ச்சலுக்குன்னா, எனக்கு எங்கல காய்ச்சல்னு கேப்பான். சொல்லிரணும்னுதான் இருந்தேன். உடம்பு தேறட்டும், சொல்லுவோம். மூணு மாசம் போகட்டும், சொல்லுவோம். அதுக்குள்ளதான் பெல்ட்டு மிசின் வந்துருமே, பன்னிக் கிட்னி வந்துருமேன்னும் நெனச்சிக்கிடுவேன். அவன் சொன்னதுதான அதெல்லாம்.

ஒரு மாசம் கழிச்சு அவன் எங்க வீட்டுக்கு வந்தான். எனக்கு ஆளுக பக்கத்துல வரப்பிடாது. கேட்டுக்கு வெளிய மாஸ்க்கப் போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கான். கண்ணெல்லாம் சிரிப்பு. "எலே, படம் பாத்தேன். துரைதாம்ல. நீ சொன்ன மாதிரியே பயந்துபோய்த்தான் பூட்டிருக்கான். கேவலமா எடுத்திருக்கான். ஒரு காரணம் வைக்கத் தெரியல அந்த ஆளுக்கு"ன்னு பொரிஞ்சு தள்ளுதான். பொறவு சத்தத்தக் குறைச்சான்.

"போனப் போட்டதும் மெசேஜ் வந்துச்சுல. பொங்கலன்னைக்கி பத்து ரெண்டுக்கு ஒரு கால், பத்து நாலுக்கு ஒரு கால். ஜெசிந்தா மேடம் நம்பரு. நான் திருப்பி அடிச்சேன். வேற யாரோ எடுத்து, அது அடுத்த ஆளுக்குப் போயிருச்சு, திரும்ப வந்தா கூப்பிடுதோம்னாவ. நான் உக்காந்து யோசிச்சேன். நான் எடுக்கல. அடுத்து உனக்கு அடிச்சிருப்பாவ. பொங்கலன்னைக்கி நீ உன் மச்சினங்கூடப் பேசிக்கிட்டு இருந்திருப்ப, லைன் கிடைச்சிருக்காது. அப்ப என் பேரத் தாண்டிட்டாவ. அடுத்தது உன் பேரு. அதுக்கப்புறம் உனக்கு அடிக்கயில லைன் கிடைச்சிருச்சு. அது முதல்ல எனக்கு வந்ததுன்னு உனக்குத் தெரிய வழியே இல்ல. சரியா இருக்கால என் தியரி?"

நான் திண்டாடிப் போயிட்டேன் அண்ணாச்சி. நானே உக்காந்து யோசிச்சிருந்தாக்கூட அப்படி ஓட்டை இல்லாம ஒண்ணு செஞ்சிருக்க மாட்டேன். "அப்படித்தாம்ல"ன்னேன். அழுகை வந்துருச்சு. அவன் என்ன நெனச்சான்னா, நான் அவனுக்காக அழுதேன்னு நெனச்சிட்டான். "அட கிறுக்கா, நீ ஏம்ல அழுத? நான்தான படத்துக்காகப் போன அணைச்சு வச்சேன். எவனோ முகம் தெரியாதவனுக்குப் போகாம உனக்கு வந்துச்சே, அதுவே போதும்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அதோட வுட்டானா? ஊரெல்லாம் அவனே சொல்லிக்கிட்டுத் திரியுதான், "படத்துக்காகக் கிட்னிய வுட்ட கிறுக்கன் நான்தான்"னு. சலூன்ல சிரிக்காவ. ஜெராக்ஸ் எடுக்க வாரவன்லாம், என்ன ஆவுடை அடுத்த பாகம் எப்போங்கான். எங்கடை வாசல்ல நின்னுகூட ஒருத்தன் சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். சிரிச்சேன் அண்ணாச்சி, கூட நின்னு. இந்த வாயால எப்படிச் சிரிச்சேன்னு இன்னும் தெரியல.

போன மாசம் அவன் கையில ஊசி போடுற நரம்பு அடைச்சிருச்சு. இப்பக் கழுத்துல குழாய் போட்டிருக்காவ. இருதயமும் வீங்கியிருக்காம். நாலு படி ஏறுனா மூச்சு இரைக்கி. டாக்டரு என்னையக் கூப்பிட்டு, "சீக்கிரம் அவருக்கு ஒண்ணு கிடைச்சாத்தான் உண்டு"ன்னாரு. எங்கிட்டச் சொல்லுதாரு பாருங்க, எங்கிட்ட. கூட்டாளின்னு.

அதான் இன்னைக்கி ஒரு முடிவோட போனேன். செக்கப் முடிஞ்சதும் ஜெசிந்தா மேடம் ரூமுக்குப் போய், "மேடம், ஆவுடையப்பனுக்கு இப்ப ஒண்ணும் இல்ல, அவன் பேர வரிசையில சேத்து வுடுங்க"ன்னேன். உண்மையச் சொல்லல. சொல்லாமலே சரிபண்ணிரலாம்னு பாத்தேன். அவங்க கம்ப்யூட்டரப் பாத்தாவ. "ஏழு மாசமா இந்தப் பேரு ஹோல்டுல கிடக்கு? ஜூன்ல ஒரு ஓ பாசிட்டிவ் வந்துச்சே! இவருக்கு வந்திருக்க வேண்டியது. நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லி அனுப்பினேனே!"

அப்ப என்ன சொன்னேன் தெரியுமா? "நான் சொல்லிட்டேன் மேடம். அவன் மறந்திருப்பான்"ன்னேன்.

காறித் துப்புங்க அண்ணாச்சி. துப்பலாம். பொங்கலன்னைக்கிச் சொன்னதுக்காவது உசுருப் பயம்னு சொல்லலாம். இன்னைக்கி எனக்கு என்ன பயம்? கிட்னி உள்ள இருக்கு. எவனும் திருப்பிக் கேக்கப் போறதில்ல.

மேடம் உடனே போன எடுத்து அவனுக்கு அடிச்சாவ. ஸ்பீக்கர்ல போட்டுட்டாவ. எனக்குக் கால் ரெண்டும் ஓடிருவோமான்னு பாக்கு. "என்ன ஆவுடையப்பன், உங்க உயிர் மேல உங்களுக்கே அக்கறை இல்லையா? பொங்கலன்னைக்கி உங்களுக்குக் காய்ச்சல்னு கோமதிநாயகம் சொன்னாரு. அதனாலதான் உங்கள விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போனோம். சரியானதும் லெட்டர் அனுப்பச் சொல்லி அவர்கிட்டயே சொல்லிவிட்டேன். ஏன் அனுப்பல?"

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிசின் ஓடுறது மட்டும் கேக்கு. அவனுக்கு அது போதும் அண்ணாச்சி. ஒரு நகத்த வச்சு எட்டு நிமிசம் பேசுன ஆளு அவன். மேடம் "ஹலோ, ஹலோ"ங்காவ.

பொறவு சொன்னான். "ஆமா மேடம். காய்ச்சல் இருந்துச்சு. கோமதி லெட்டர் விசயத்தச் சொன்னான். நான்தான் மறந்துட்டேன்."

மேடம் அவன நல்லா ஏசுனாவ. படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இப்படியா அலட்சியமா இருப்பீங்கன்னு. "தப்புத்தான் மேடம், தப்புத்தான் மேடம்"ங்கான். லெட்டர இன்னைக்கே வாட்ஸ்அப்புல அனுப்புங்க, நாளைக்கே பேரத் திரும்பச் சேத்துருதேன், பழைய இடத்துலயே இருக்கும்னாவ. அதுவரைக்கும் சரி. அவன் பேரு நாளைக்கி வரிசையில வந்துரும். ஆனா ஜூன்ல போனது போனதுதான. திண்டுக்கல் பக்கம் ஒரு ஆளுக்குப் போச்சாம்.

நான் வெளிய வந்து மாட்டுத்தாவணியில பஸ் ஏறுன பொறவு அவனே அடிச்சான். நான் எடுத்து "ஆவுடை"ன்னேன். அவன், "டாக்டரு என்ன சொன்னாரு? கிரியாட்டினின் எவ்வளவு?"ன்னு கேட்டான். சொன்னேன். "நல்லது. மாத்திரைய நேரத்துக்குப் போடு. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன், உங்கூடக் கொஞ்சம் பேசணும்"ன்னு வச்சிட்டான். குரல்ல கோவம் இல்ல. ஏசியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லித் தப்பிச்சிருப்பேன்.

முதல்ல ஒண்ணு கேட்டேன்லா உங்ககிட்ட, முழுசாச் சொல்லலன்னா அது பொய்யான்னு. நீங்க பதில் சொல்லல. சொல்ல வேண்டாம். நான் உங்களுக்கும் முழுசாச் சொல்லல. போகி அன்னைக்கி அவனுக்கு நடுக்கம் வந்துச்சுன்னு சொன்னேன்லா. அப்ப சிஸ்டரு வந்து தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாவ. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. காய்ச்சல் இல்ல, எழுதிக்கோன்னு இன்னொரு சிஸ்டர்கிட்டச் சத்தமாச் சொன்னாவ. நடுக்கத்துல அவன் காதுல விழுந்துச்சோ என்னமோ. எங்காதுல விழுந்துச்சு. பொறவாசல்ல மேடம் கேக்கையில அந்த நம்பரு என் கண்ணு முன்னாடி நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருக்கையிலதான் "ம்"ன்னேன்.

இத யாருகிட்டயும் சொன்னது இல்ல. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னா, ஒரு தடவை வாயத் தொறந்து சொல்லிப் பாத்தா அவன்கிட்டயும் சொல்ல வருமான்னுதான். அவன் மேடம்கிட்டக் காய்ச்சல் இருந்துச்சுன்னு சொல்லிட்டான். இனி, காய்ச்சல் இல்லன்னு நான் சொன்னாத்தான் உண்டு. வேற யாருக்கும் தெரியாது.

ஏ, ஊரு வந்துருச்சா? ராஜபாளையம் எப்பப் போச்சு?

அந்தா பாருங்க, டைம் ஆபீஸ் பக்கத்துல, நீலச் சட்டை, கழுத்துல வெள்ளத் துணி சுத்தி. அவன்தான். ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டு வாரான். நிக்க முடியாம நிக்கான், ஆனா நிக்கான் பாருங்க.

போங்க அண்ணாச்சி, நீங்க முதல்ல இறங்குங்க. அம்மா, நீங்களும் போங்க. எல்லாரும் போயிருங்க. நான் கடைசியா இறங்குதேன்.